பறவைக்கும் பூவுக்கும் ஒரே கருவி: நிக்கான் மோனார்க் எம்5 8×42 பைனாகுலர்

வடகிழக்குப் பருவமழை விட்டு விட்டுப் பெய்யும் கார்த்திகை மாதத்தில், புதுச்சேரியிலிருந்து திண்டிவனம் வழியாகச் செஞ்சி மலைப்பக்கம் பறவையும் காட்டுப்பூவும் பார்க்கப் புறப்படுகிறவர்கள் எந்தப் பைனாகுலரை வாங்கலாம் என்று கேட்டால், நிக்கான் மோனார்க் எம்5 வரிசையில் வரும் 8×42ஐத்தான் (8 மடங்கு பெரிதாக்கும், முகப்பு வில்லையின் விட்டம் 42 மில்லிமீட்டர்) நான் சொல்வேன். கடைகளில் பெரும்பாலும் 'எத்தனை மடங்கு' என்பதை வைத்தே பேச்சு நடக்கிறது. எனக்கும் ஒரு கடையில் 20 மடங்கு பெரிதாக்கும் ஒன்றைத்தான் முதலில் எடுத்து நீட்டினார்கள். பாறைப்படிகளில் ஏறி மூச்சு வாங்க நிற்பவரின் கையில் அது நடுக்கத்தையும் சேர்த்தே பெரிதாக்கும் என்பதை யாரும் சொல்வதில்லை. எட்டு மடங்கு என்பது, முக்காலி இல்லாமல் வெறுங்கையில் பிடித்து நிதானமாகப் பார்க்க ஏற்ற அளவு.

இந்தக் கருவியில் எனக்கு மிகவும் பிடித்தது, வாங்குகிறவர்கள் பலர் கேட்காமலே விட்டுவிடும் ஒரு தன்மை: 2.5 மீட்டர் தொலைவில் இருப்பதையும் இது தெளிவாகக் காட்டும். பூப் பார்ப்பவருக்கு இதைவிட முக்கியமான அளவு வேறில்லை. செங்காந்தள் பெரும்பாலும் சூரைமுள், காரைச்செடி ஆகியவற்றின் மீது பற்றிப் படர்ந்துதான் பூக்கிறது. முள்ளை விலக்கிக் கிட்டே போனால் கொடி அறுந்துபோகும், நமக்கும் கீறல்தான் மிஞ்சும். பாதையில் நின்றபடியே பைனாகுலரைத் திருப்பினால், மேல்நோக்கி மடிந்த இதழ்களின் அலையலையான விளிம்பும், அடியில் மஞ்சளாகத் தொடங்கி நுனியில் சிவப்பாக முடியும் நிறமாற்றமும், இலைநுனி பற்றுக்கம்பியாகச் சுருண்டு பக்கத்துக் குச்சியைப் பிடித்திருப்பதும் ஒவ்வொன்றாகப் புலப்படுகின்றன. சூலகத்தண்டு அடியிலேயே செங்கோணமாக மடங்கிப் பக்கவாட்டில் நீள்வதை நான் இப்படித்தான் நிதானமாகப் பார்த்தேன். தரையோடு படர்ந்து நீலப்பூ பூக்கும் விஷ்ணுகிராந்திக்கு மட்டும் குனிந்துதான் ஆக வேண்டும்.

பறவைகளுக்கு வேண்டியது வேறு. செஞ்சியின் பாறைக்குவியல்களில் தேடிப் பார்க்க வேண்டியது மஞ்சள்தொண்டைச் சின்னான். தென்னிந்தியாவின் பாறை நிறைந்த மலைகளைத் தவிர உலகில் வேறெங்கும் அது கிடையாது. ஓரிடத்தில் நிலைத்து உட்காராத பறவை அது. அதே புதர்க்காட்டில் வெண்புருவச் சின்னானும் திரிவதாலும், இரண்டுக்குமே வாலடி மஞ்சளாக இருப்பதாலும், தொண்டையைப் பார்க்காமல் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. 1000 மீட்டர் தொலைவில் 112 மீட்டர் அகலத்தை இந்த 8×42 காட்டுகிறது. இதே வரிசையின் 10×42 காட்டுவது 98 மீட்டர்தான். பாறை விட்டுப் பாறை தாவும் பறவையை மீண்டும் கண்ணில் பிடிக்க இந்த வித்தியாசம் பெரிதும் உதவுகிறது.

வெளிச்சத்தையும் சொல்ல வேண்டும். 42 மில்லிமீட்டர் முகப்பு வில்லையை 8ஆல் வகுத்தால் கண்ணுக்கு வந்து சேரும் ஒளிவட்டத்தின் விட்டம் சுமார் 5.3 மில்லிமீட்டர், 10×42இல் அது 4.2ஆகக் குறைகிறது. பனிக்காலத்தில் நம் பக்கம் வந்து தங்கும் ஆறுமணிக்குருவி, விடியலிலும் அந்தியிலும் குரல் கொடுத்துக்கொண்டு மர நிழலில் சருகு கிளறும் பறவை என்பதால், அந்த அரையிருட்டில் இந்தக் கூடுதல் ஒளி வீண்போகாது.

உள்ளே நைட்ரஜன் நிரப்பி நீர்புகாமல் அடைத்திருக்கிறார்கள். கடலூர், புதுச்சேரி போன்ற ஈரக்காற்று ஊர்களில் வில்லைகளில் பூஞ்சை பிடிப்பது வழக்கமான தொல்லை என்பதால் இதை நான் பெரிதாக மதிக்கிறேன். இருந்தாலும் வீட்டில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் வைப்பதே நல்லது. மூக்குக்கண்ணாடி அணிந்தவர்கள் கண்குவளையைத் திருகி உள்ளே இறக்கிவிட்டால் முழுக்காட்சியும் கிடைக்கும். எடை 630 கிராம். கழுத்துவாரில் தொங்கவிட்டு நாள் முழுக்க நடந்தால் பிடரி வலிக்கும். தோள்களில் மாட்டும் ஹார்னஸ் ஒன்றைத் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள்.

புதுச்சேரி அருகே உள்ள ஊசுட்டேரிக்கு மட்டுமே போகிறவர்களுக்கு என் பரிந்துரை சற்று மாறும். கரையருகே நிற்கும் நத்தைகுத்தி நாரையின் அலகிடுக்கில் உள்ள இடைவெளி வரை இது காட்டிவிடும். நடு ஏரியில் புள்ளிகளாக மிதக்கும் வாத்துக் கூட்டத்தைப் பிரித்தறிய எந்த 8 மடங்குப் பைனாகுலரும் போதாது, அதற்கு முக்காலியில் நிறுத்தும் ஒற்றைக்குழல் தொலைநோக்கியான ஸ்பாட்டிங் ஸ்கோப்தான் வேண்டும். விலை எட்டாதவர்கள் இதே நிறுவனத்தின் புரோஸ்டாஃப் பி3 8×42ஐத் தாராளமாக வாங்கலாம்: பார்வைப் பரப்பு 126 மீட்டர், எடை 565 கிராம், கிட்டத்துத் தெளிவு 3 மீட்டர். பறவை மட்டும் போதும் என்பவருக்கு அதுவே நிறைவு தரும். பூவும் வேண்டும் என்றால் அந்த அரை மீட்டருக்காகவும், உருவ விளிம்பில் தெரியும் நிறப்பிசிறைக் குறைக்கும் இ.டி. என்ற சிறப்பு வில்லைக் கண்ணாடிக்காகவும் எம்5க்குக் கூடுதலாகச் செலவழிக்கலாம். எதை வாங்கினாலும் பணம் கட்டுவதற்கு முன் கடைக்கு வெளியே வந்து, தெருமுனைப் பெயர்ப்பலகை ஒன்றைச் சற்று நேரம் தொடர்ந்து பாருங்கள். எழுத்து இரட்டையாகத் தெரிந்தாலோ கண் இழுப்பதுபோல் இருந்தாலோ வேறொன்றை எடுத்துத் தரச் சொல்லுங்கள்.