இ-கோர்ட்ஸ் ஆப்: வாய்தா தேதி பாக்க மட்டும் இல்லங்க

கோர்ட்ல கேஸ் இருக்கற வீட்ல ஒரு போன்லயாவது இந்த ஆப் இருக்கணும். இ-கோர்ட்ஸ் சர்வீசஸ்னு பேரு, கவர்மென்ட் ஆப் தான், காசு கிடையாது. நான் போட்டது எங்க மச்சான் கேஸுக்காக. 2017ல வாய்க்கா தகராறு, ஐபிசி 294(பி), 323, 506(2), அதாவது அசிங்கமா திட்டினது, அடிச்சது, கொல மிரட்டல், நம்ம ஊர்ல அடிதடின்னாலே எழுதற அதே செட்டு. எந்த கோர்ட்டுனு கேக்காதீங்க.

ஒவ்வொரு கேஸுக்கும் சிஎன்ஆர்னு 16 எழுத்து நம்பர் ஒண்ணு இருக்கும், நம்ம ஸ்டேட்டுன்னா டிஎன்னு ஆரம்பிச்சு வருஷத்துல முடியும், அத ஒரு தடவ அடிச்சு மை கேசஸ்ல சேவ் பண்ணிட்டா போதும். நம்பர் தெரியலன்னா எப்ஐஆர் நம்பர், பார்ட்டி பேரு, வக்கீல் பேரு எத வச்சும் தேடலாம். அடுத்த வாய்தா என்னிக்குன்னு குமாஸ்தாவுக்கு போன் மேல போன் போட்டு கெஞ்சற வேல மிச்சம்.

முக்கால்வாசி பேர் தேதிய மட்டும் பாத்துட்டு மூடிடறாங்க. கொஞ்சம் கீழ போங்க, கேஸ் ஹிஸ்டரி இருக்கும், ஒவ்வொரு தேதியா தொட்டா அன்னிக்கு என்ன நடந்துச்சுன்னு வரும். "ஏ1 பிரசன்ட், ஏ2 ஆப்சென்ட், 317 பெட்டிஷன் அலவ்டு, விட்னஸ் நாட் பிரசன்ட், இஷ்யூ பிரெஷ் சம்மன்ஸ்". அதாவது மொத எதிரி (ஏ1) வந்தாரு, ரெண்டாவது எதிரி (ஏ2) வரல, அவர் இன்னிக்கு வர முடியலன்னு போட்ட 317 மனுவ ஏத்துக்கிட்டாங்க, சாட்சி வரல, திரும்ப சம்மன் அனுப்புங்கன்னு அர்த்தம். அடுத்த தேதியும் அதே, அதுக்கடுத்ததும் அதே, நடுவுல ஜட்ஜ் லீவு. ஒரு நோட்ல எல்லாத்தையும் வரிசையா எழுதினோம், பாதிக்கு மேல போலீஸ் தரப்பு சாட்சி வராம தள்ளினது, ஆனா ஏ2 வராம நம்ம பக்கமே தள்ளினதும் இருக்கு, மச்சானுக்கு மூஞ்சி சுருங்கிடுச்சு.

இது ஏன் முக்கியம்னா, சீக்கிரம் விசாரணை முடியறது அரசியல் சட்டத்தோட 21வது ஆர்ட்டிக்கிள்ல வர்ற உரிமைன்னு 1979லயே ஹுசைனாரா காத்தூன் கேஸ்ல சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு, பீகார் ஜெயில்ல விசாரணையே தொடங்காம, தண்டன குடுத்திருந்தா எவ்ளோவோ அதுக்கும் மேல உள்ள கெடந்தவங்க கேஸ் அது. ஆனா இத்தன வருஷத்துல முடிக்கணும்னு கெடு எதுவும் கிடையாது. 1992ல அந்துலே கேஸ்ல சுப்ரீம் கோர்ட் அஞ்சு ஜட்ஜும் கெடு வைக்கல, 2002ல ஏழு ஜட்ஜ் பெஞ்சும் அதையே சொல்லிடுச்சு. தாமதம் யாரால, எதனாலன்னு கேஸுக்கு கேஸ் பாப்பாங்க. அதனால "எட்டு வருஷமா அலையறோம்"னு பொலம்பினா மட்டும் நிக்காது, எந்த தேதி யாரால போச்சுன்னு காட்டணும். அந்த கணக்கு இந்த ஆப்ல சும்மா கெடக்குது! எங்க வக்கீல் நோட்ட பாத்துட்டு, சீக்கிரம் முடிக்க சொல்லி ஹைகோர்ட்ல டைரக்‌ஷன் பெட்டிஷன் போடலாம், ஆனா மொதல்ல ஏ2வ ஒழுங்கா வர சொல்லுங்கன்னுட்டாரு. நியாயம் தானே.

சிஆர்பிசிங்கற பழைய கிரிமினல் விசாரணை சட்டத்துக்கு பதிலா வந்த புது சட்டத்துல (பிஎன்எஸ்எஸ்) ரெண்டு வாய்தாவுக்கு மேல குடுக்க கூடாதுன்னு இருக்கே, நமக்கு கெடைக்காதான்னு மச்சான் கேட்டான். அது 1 ஜூலை 2024ல இருந்து, அன்னிக்கு ஏற்கனவே விசாரணைல இருந்த கேஸெல்லாம் பழைய சிஆர்பிசி படியே தான் ஓடும்.

கொறைன்னா, எங்க கேஸ்ல உள்ள குறிப்பெல்லாம் இங்கிலீஷ் சுருக்கெழுத்து, எங்க அத்தைக்கு நான் தான் படிச்சு சொல்லணும். சில தேதிக்கு உள்ள வெறும் காலியா இருக்கும். ஸ்க்ரீன்ஷாட்ட நம்பிடாதீங்க, பெட்டிஷனுக்கு முத்திர போட்ட காப்பி அப்ளை பண்ணி தான் வாங்கணும்.

அஞ்சுக்கு நாலு ஸ்டார். பட்டன் போன் வச்சிருக்கவங்க இங்கிலீஷ்ல ஈகோர்ட்ஸ்னு அடிச்சு, ஒரு ஸ்பேஸ் விட்டு சிஎன்ஆர் போட்டு 9766899899க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்க, அடுத்த தேதி வந்துடும்.