எம்.பி.ஏ. நிதியில் படித்தது: வேலையில் எது நின்றது, எது நிற்கவில்லை

எம்.பி.ஏ.வில் நிதியைச் சிறப்புப் பாடமாக எடுத்துப் படித்து முடித்துப் பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. நிறுவனங்களுக்குக் கடன் கொடுப்பதற்கு முன் அவற்றின் கணக்கை ஆராய்ந்து குறிப்பு எழுதுவதுதான் என் வேலை. சொந்தச் சேமிப்பைப் பங்கிலும் மியூச்சுவல் ஃபண்டிலும் நானே போட்டுப் பார்த்துக்கொள்கிறேன். இந்தப் படிப்பில் சேரலாமா என்று யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நிதிநிலை அறிக்கைகளை வாசிக்கக் கற்றுக்கொடுத்த அந்த ஒரு பாடத்துக்கே கட்டிய கட்டணம் தகும். போர்ட்ஃபோலியோ மேலாண்மையும், அதாவது பல முதலீடுகளைச் சேர்த்து நிர்வகிக்கும் பாடமும், நல்ல பாடம்தான், ஆனால் அதைச் சொல்லிக்கொடுக்கும் விதம் பாதியிலேயே நின்றுவிடுகிறது.

எங்கள் பேராசிரியர் ஒருவர் ஆண்டறிக்கையைக் கையில் கொடுத்தால் லாப நட்டக் கணக்கை முதலில் திறக்க விடமாட்டார். தணிக்கையாளர் அறிக்கை, பணப்பாய்வு அறிக்கை, கணக்குகளுக்கான குறிப்புகள், கடைசியில்தான் லாபம். இன்றுவரை நான் அதே வரிசையில்தான் படிக்கிறேன். ஒரு நிறுவனம் 100 கோடி விற்பனை காட்டுகிறது, அதில் 40 கோடி வாடிக்கையாளர்களிடம் பாக்கி நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். விற்ற பணம் கைக்கு வர சராசரியாக 146 நாள் ஆகிறது என்று அர்த்தம். போன வருடம் இதுவே 90 நாளாக இருந்திருந்தால், லாபம் எவ்வளவு அழகாக வளர்ந்திருந்தாலும் நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேள்வி கேட்க ஆரம்பிப்பேன். இந்தப் பழக்கம் வகுப்பறையில் வந்தது.

சத்யம் என்ற மென்பொருள் நிறுவனத்தின் கணக்கு மோசடியை அவர் ஒரு வாரம் முழுக்கப் பாடமாக நடத்தினார். 2009 ஜனவரி 7 அன்று அதன் தலைவர் ராமலிங்க ராஜு மோசடியை ஒப்புக்கொண்டு எழுதிய கடிதத்தை வரி வரியாக வாசித்தோம். ரொக்கமும் வங்கி இருப்புமாகக் கணக்கில் காட்டிய 5,361 கோடியில் 5,040 கோடி இல்லவே இல்லை. அந்த இல்லாத பணத்தோடு, வரவேண்டிய வட்டி என்று 376 கோடியும் எழுதியிருந்தார்கள். தணிக்கையாளர் கையெழுத்துப் போட்ட கணக்கு அது, வெளியிலிருந்து பார்ப்பவர் எளிதில் கண்டுபிடித்திருக்க முடியாது என்பதையும் அவர் மறைக்கவில்லை. ஆனால் இவ்வளவு ரொக்கம் இருந்தால் அது எந்த வங்கியில் இருக்கிறது, அதற்கு எத்தனை சதவீதம் வட்டி வருகிறது என்று கேட்கப் பழக்கினார். கடன் குறிப்பு எழுதும்போது இந்த இரண்டு கேள்விகளை நான் விட்டதே இல்லை.

பாடத்திட்டம் பழையதாகிவிடும் என்ற பயம் பலருக்கு உண்டு. நியாயமான பயம்தான். 2019 ஏப்ரல் முதல் இந்தியக் கணக்கியல் தரம் 116 நடைமுறைக்கு வந்தது. கடை வாடகை மாதிரி நீண்டகாலக் குத்தகைகள் அதுவரை செலவாக மட்டும் போய்க்கொண்டிருந்தன. அதன் பிறகு பேலன்ஸ் ஷீட்டில் சொத்தாகவும் கடனாகவும் ஏறின. வாடகைச் செலவு தேய்மானமாகவும் வட்டியாகவும் பிரிந்ததால், வாடகைக் கடைகளில் வியாபாரம் செய்யும் நிறுவனங்களின் எபிட்டா (வட்டி, வரி, தேய்மானம் கழிப்பதற்கு முந்தைய லாபம்) ஒரே வருடத்தில் எகிறியது. வியாபாரம் அப்படியே இருக்க எண் மட்டும் மாறியது. இது எங்கள் பாடத்தில் இல்லை. ஆனாலும் அடிப்படை பலமாக இருந்ததால் தரத்தை எடுத்து நானே படித்துப் புரிந்துகொள்ள முடிந்தது.

இனி முதலீட்டுப் பாடம். முதலீட்டைப் பல பங்குகளில் பிரித்துப் போடுவது பற்றிப் பொருளாதார நிபுணர் மார்க்கோவிட்ஸ் 1952இல் எழுதியதும், ரிஸ்குக்கு ஏற்ற வருமானத்தைக் கணக்கிடுவது பற்றி ஷார்ப் 1964இல் எழுதியதும் எனக்கு இப்போதும் பிடித்தவை. ஒரு பங்கைத் தனியாகப் பார்க்காதே, மொத்தத்தோடு சேர்த்துப் பார் என்ற யோசனை என் சொந்த முடிவுகளை மாற்றியிருக்கிறது. என் சம்பளமே கடன் தொழிலை நம்பி இருப்பதால் வங்கிப் பங்குகளைக் குறைவாகவே வைத்திருக்கிறேன்.

தேர்வில் என்ன கேட்டார்கள்? ரிஸ்க் இல்லாத வட்டி 6 சதவீதம், சந்தை வருமானம் 13, பீட்டா (சந்தை அசையும்போது பங்கு எவ்வளவு அசைகிறது என்ற எண்) 1.2, எதிர்பார்க்கும் வருமானம் என்ன? 14.4 என்று எழுதினால் முழு மதிப்பெண். அந்த 1.2 எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை. வார விலையா மாத விலையா, இரண்டு வருடமா ஐந்து வருடமா, எந்தக் குறியீட்டோடு ஒப்பிட்டது? ஒவ்வொன்றுக்கும் ஒரு பீட்டா வரும். வேலையில் கஷ்டமே அங்கேதான். மதிப்பீட்டுக் கணக்கும் அப்படித்தான். அடுத்த வருடம் 10 கோடி பணப்பாய்வு, தள்ளுபடி விகிதம் (வருங்காலப் பணத்தை இன்றைய மதிப்புக்குக் குறைக்கும் விகிதம்) 12 சதவீதம், நிரந்தர வளர்ச்சி 5 என்றால் மதிப்பு சுமார் 143 கோடி. வளர்ச்சியை 6 ஆக்கினால் 167 கோடி. ஒரே ஒரு புள்ளி மாறியதற்கு 24 கோடி வித்தியாசம். இதை வகுப்பில் ஒரு மணி நேரம் எக்ஸெலில் போட்டுக் காட்டியிருந்தால் போதும். நாங்களோ கால்குலேட்டரில் தட்டிக்கொண்டிருந்தோம்.

2020 மார்ச் 23 அன்று சென்செக்ஸ் ஒரே நாளில் 3,934 புள்ளி, ஏறக்குறைய 13 சதவீதம் விழுந்தது. வங்கி, வாகனம், உலோகம் எல்லாம் சேர்ந்தே விழுந்தன. சாதாரண நாட்களில் கணக்கிட்ட ஒட்டுறவு எண்கள் (பங்குகள் எவ்வளவு சேர்ந்து அசையும் என்று காட்டுபவை) அன்றைக்குக் கைகொடுக்கவில்லை. கடன் பத்திரங்களிலும் இதே குறை. 2018 தொடக்கத்தில் ஐ.எல். அண்ட் எஃப்.எஸ். என்ற உள்கட்டமைப்பு நிதி நிறுவனத்துக்கு மிக உயர்ந்த கடன் தரமான ஏ.ஏ.ஏ. இருந்தது, அதே வருடம் செப்டம்பரில் அது கடன் கட்டத் தவறியதைக் குறிக்கும் டி ஆகிவிட்டது. தரமதிப்பீட்டுக்கு எங்கள் பாடத்தில் ஒதுக்கியது சில பக்கங்கள்தான்.

பட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு பங்கு ஆய்வாளர் வேலைக்குப் போக முடியாது என்பதையும் சொல்லவேண்டும். பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் செபியின் விதிப்படி, அதன் பயிற்சி நிறுவனமான என்.ஐ.எஸ்.எம். தேர்வு வைத்துத் தரும் சான்றிதழ் வேண்டும். கடைசி செமஸ்டரிலேயே அதை எழுதி முடித்துவிடுவது நல்லது. சி.எஃப்.ஏ. என்ற சர்வதேச முதலீட்டு ஆய்வுத் தேர்வு மூன்று நிலை, செலவும் நேரமும் அதிகம், வேலையில் சேர்ந்த பிறகு யோசிக்கலாம்.

ஏற்கெனவே சேர்ந்துவிட்டவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. புராஜெக்டுக்கு ‘மியூச்சுவல் ஃபண்ட் பற்றி முதலீட்டாளர்களின் விழிப்புணர்வு’ என்று தலைப்பு எடுத்து நூறு படிவம் நிரப்பாதீர்கள். பட்டியலிடப்பட்ட ஒரு நிறுவனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து வருட ஆண்டறிக்கைகள் பங்குச்சந்தைத் தளத்திலேயே இலவசமாகக் கிடைக்கும். குறிப்புகள் உட்பட முழுதும் படித்து, பணப்பாய்வு ஏன் லாபத்திலிருந்து விலகுகிறது என்று எழுதுங்கள். வழிகாட்டி ஆசிரியர் சம்மதிக்கவில்லை என்றால் படிவத்தை அவருக்குக் கொடுத்துவிட்டு, இதைத் தனியாகச் செய்து நேர்காணலுக்குக் கையில் எடுத்துப் போங்கள்.