புது ஐபி வார்ம்-அப்: கையால் செய்வதா, தானாக விடுவதா, பொது ஐபியே போதுமா?

ஐபி என்பது மெயில் அனுப்பும் சர்வரின் இணைய எண் முகவரி. புது ஐபியிலிருந்து முதல் நாளே 50,000 மெயில் போனால் ஜிமெயில் 421 4.7.28 என்ற பிழைக் குறியீட்டோடு தள்ளிவைக்கும், அவுட்லுக் 451 4.7.650 என்று மட்டுப்படுத்தும். ஸ்பேம் அனுப்புகிறவர்களும் இப்படித்தான் முன்பின் தெரியாத முகவரியிலிருந்து திடீரென்று கொட்டுவார்கள். அதனால்தான் இந்தச் சந்தேகம். அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி ஐபியைப் பழக்குவதுதான் வார்ம்-அப். சந்தேகத்தைத் தாண்ட மூன்று வழி.

கையால் செய்வது, சொந்த மெயில் சர்வர் வைத்திருப்பவர்களுக்கு. முதல் நாள் ஜிமெயிலுக்கு 300, பிறகு நாளுக்கு 30% கூட்டினால் 20 நாளில் சுமார் 57,000. தினமும் இரட்டிப்பாக்கினால் எட்டே நாளில் 76,800 வந்துவிடும்; ஆனால் தவறு தெரிவதற்குள் பாதிப் பட்டியல் போயிருக்கும். மொத்த எண்ணிக்கையை மட்டும் பார்ப்பதுதான் இங்கே பலர் சறுக்கும் இடம். ஜிமெயில், யாகூ, அவுட்லுக் ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கணக்கு வைக்கிறது. ஆகவே போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மெயில் சர்வர் மென்பொருளில் ஒவ்வொன்றுக்கும் தனி டிரான்ஸ்போர்ட் (தனி அனுப்பும் வழி) வைத்து, ஒரே நேரத்து இணைப்புகளையும் இடைவெளியையும் தனியாகக் குறையுங்கள். கடந்த 30 நாளில் மெயிலைத் திறந்தவர்கள் முதலில். பழைய முகவரிகள் கடைசியில். யாகூ மட்டும் 421 சொன்னால் யாகூவை மட்டும் முந்தைய அளவுக்கு இறக்கினால் போதும். ஓடிபி மெயிலை இந்த ஐபியில் விடவே கூடாது. தள்ளிவைத்த மெயிலை போஸ்ட்ஃபிக்ஸ் வழக்கமான அமைப்பில் 5 நாள் வரை வரிசையில் வைத்திருக்கும். ஓடிபிக்கு அதற்குள் ஆயுள் முடிந்துவிடும்.

தானியங்கி வார்ம்-அப் உழைப்பை மிச்சப்படுத்தும். மெயில் அனுப்பும் சேவையான அமேசான் எஸ்இஎஸ்ஸின் சாதாரணத் தனி ஐபிக்கு (உங்களுக்கு மட்டுமான ஐபி) அது 45 நாள் அட்டவணை. அதன் நிர்வகிக்கப்படும் வகை, ஒவ்வொரு மெயில் நிறுவனத்துக்கும் தனியாக அளவை மாற்றிக்கொள்ளும். அதே போன்ற சேவையான சென்ட்கிரிட் மணிக்கு இத்தனை என்று வரம்பு போட்டு, மிஞ்சுவதைக் கணக்கிலுள்ள பழகிய ஐபிகளுக்குத் திருப்பும். ஆனால் யாருக்கு முதலில் அனுப்புவது என்று இந்த அட்டவணைகளுக்குத் தெரியாது. செத்த முகவரிகள் நிறைந்த பட்டியலைக் கொடுத்தால் கெட்ட பெயரைத்தான் படிப்படியாக வளர்க்கும்.

பல வாடிக்கையாளர்கள் பகிரும் பொது ஐபி ஏற்கெனவே பழகியது, காத்திருக்க வேண்டாம். பக்கத்து வாடிக்கையாளர் செய்யும் தவறும் உங்கள் தலையில் விழலாம் என்பது அதன் விலை. இருந்தும் மாதம் ஒரு செய்திமடல் அனுப்புகிறவருக்கு இதுதான் சரி. சுமார் 30 நாள் சும்மா கிடந்தாலே தனி ஐபி ஆறிப்போகும். அவர் ஒவ்வொரு மாதமும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். தினமும் சீராகப் பெரிய அளவில் போகாதவரை தனி ஐபி வீண் செலவு.

எந்த வழியானாலும் ரிவர்ஸ் டிஎன்எஸ் (ஐபிக்கு உரிய பெயரைக் காட்டும் பதிவு), மெயில் உண்மையில் உங்களிடமிருந்துதான் வருகிறது என்று சரிபார்க்க உதவும் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் ஆகியவை முதல் நாளுக்கு முன்பே தயாராக இருக்க வேண்டும். ஜிமெயிலுக்கு நாளுக்கு 5,000 தாண்டுகிறவர்களுக்கு 2024 பிப்ரவரி முதல் இது கட்டாயம். விளம்பர மெயிலில் ஒரே சொடுக்கில் விலகும் வசதியும் வேண்டும். ஸ்பேம் புகார் 0.1%க்குக் கீழே இருக்கட்டும், 0.3%ஐத் தொடவே கூடாது. டொமைனையும் அதே வாரம் மாற்றாதீர்கள்: ஜிமெயில் டொமைனின் பெயரையும் எடைபோடுகிறது, இரண்டும் புதிதானால் கோளாறு எதில் என்று கண்டுபிடிக்க வழியிருக்காது.