காணாமல் போன கட்டளை: வெறும் கோகோவா, காராஃபா?

சம்மாந்துறைப் பக்கத்து அரிசி ஆலைக்கு இருப்புக் கணக்கு மென்பொருள் செய்துகொடுத்துவிட்டு மட்டக்களப்பில் இருக்கிறீர்கள். தொலைபேசி அடிக்கிறது: "தம்பி, மாதக் கணக்கு எடுக்கிற கட்டளை இல்லை எண்டு காட்டுது." மென்பொருள் ஓஎஸ்ஜிஐ முறையில், அதாவது தனித்தனியே ஏற்றி இறக்கக்கூடிய 'பண்டில்' என்ற பொதிகளாகப் பிரித்த ஜாவா. கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் ஷெல்லுக்குப் பெரும்பாலும் இரண்டு தெரிவுகள்: ஃபெலிக்ஸ் என்ற ஓஎஸ்ஜிஐ திட்டத்தின் சின்ன ஷெல்லான வெறும் கோகோ, அல்லது ஷெல்லோடு லொக், எஸ்எஸ்எச் எல்லாம் சேர்ந்து வரும் காராஃப். காராஃபும் உள்ளே கோகோவில்தான் ஓடுகிறது. அதனால் இரண்டிலும் வருவது 'கமாண்ட் நொட் ஃபவுண்ட்' என்ற அதே ஊமைச் செய்தி. காரணத்தைத் தேட எது உதவுகிறது என்பதில்தான் போட்டி.

கோகோவில் கட்டளை என்பது வெறும் ஒரு சேவை, அதாவது மற்றவை பயன்படுத்த ஒரு பண்டில் பதிந்துவைக்கும் ஒப்ஜெக்ட். ஸ்கோப், ஃபங்ஷன் என்ற இரண்டு ப்ராப்பர்ட்டிகளோடு எந்த ஒப்ஜெக்டைப் பதிந்தாலும் கட்டளை வந்துவிடும். இந்த எளிமை எனக்குப் பிடிக்கும். ஆனால் பதியாமல் போனால் சத்தமே இராது. அதிகம் மாட்டுவது டிக்ளரேட்டிவ் சர்வீஸ் (கோடில் அனொட்டேஷன் என்ற குறிப்புப் போட்டே சேவையைப் பதியும் முறை) எழுதும்போது: இன்டர்ஃபேஸ் எதுவும் இல்லாத வகுப்புக்கு கொம்போனன்ட் அனொட்டேஷன் மட்டும் போட்டு, எந்த வகையில் சேவையாகப் பதிவது என்று சொல்லாமல் விட்டால், கொம்போனன்ட் இருக்கும், சேவை இராது. பண்டிலோ 'அக்டிவ்' என்று சிரித்துக்கொண்டு நிற்கும். இந்தக் கொம்போனன்ட்களை இயக்கும் எஸ்சிஆர் பண்டில் ஓடாவிட்டாலும் இதே காட்சி வரலாம். 'இன்ஸ்பெக்ட்' போட்டு, அந்தப் பண்டில் பதிந்த சேவைகளைப் பாருங்கள். அப்புறம், 'எல்பி' (பண்டில்களைப் பட்டியலிடுவது), 'ஹெல்ப்' கூட வராவிட்டால் உங்கள் கோடில் தேடவே வேண்டாம். ரன்டைம், ஷெல், கமாண்ட் என்ற கோகோவின் மூன்று பண்டில்களில் கமாண்டை ஏற்றவில்லை.

காராஃப் 4 வேறு வழியில் போகிறது. கட்டளை வகுப்புக்கு கமாண்ட், சர்வீஸ் என்று இரண்டு அனொட்டேஷன்கள். அதோடு பண்டிலின் விவரக் கோப்பான மெனிஃபெஸ்டில் 'காராஃப்-கமாண்ட்ஸ்' என்ற தலைப்பும் வேண்டும். அது இல்லாவிட்டால் காராஃப் அந்தப் பண்டிலை எட்டியும் பார்க்காது. இன்னொரு கண்ணி இதைவிட மோசம்: கட்டளைக்குள் ரெஃபரன்ஸ் என்று கேட்ட சேவை ஒன்று வராவிட்டால், அந்தப் பண்டிலின் கட்டளைகள் எல்லாமே காத்திருக்கும். தரவுத்தளம் எழும்பாததற்கு, அதோடு சம்பந்தமே இல்லாத உதவிக் கட்டளையும் மறைந்துவிடும்! ஆனால் காராஃப் இதை லொக்கில் எழுதிவைக்கிறது: கட்டளைப் பதிவு தாமதம், இன்ன சேவை இல்லை என்று. லொக்கில் பதிந்ததாகவும் இல்லை, தாமதம் என்றும் இல்லை என்றால், முதலில் மெனிஃபெஸ்டைத் திறந்து பாருங்கள். பண்டிலே எழும்பவில்லையா, 'பண்டில்:டயக்' காரணம் சொல்லும். 8101 போர்ட்டில் எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து ஷெல்லுக்குள் நுழையும் வழி) இருப்பதால், காராஃபின் அமைப்பிலும் வலையமைப்பிலும் வழி திறந்திருந்தால் இதையெல்லாம் மட்டக்களப்புக் கல்லடியில் இருந்தே பார்க்கலாம்.

ஓஎஸ்ஜிஐ இல்லாமல், ஜாவா 9-இல் வந்த மொடியூல், சர்வீஸ்லோடர் வழியில் கட்டளைகளை ஏற்றுபவர்களுக்கு ஒரு சொல்: தேவையான மொடியூல்களை மட்டும் சேர்த்து ஜாவா ரன்டைம் கட்டும் ஜேலிங்க் கருவி, சேவை வழங்கும் மொடியூல்களைத் தானாகச் சேர்க்காது. 'பைண்ட்-சர்வீசஸ்' கொடுங்கள், அல்லது மொடியூலைப் பெயர் சொல்லிச் சேருங்கள்.

என் தெரிவு? மேசையில் பக்கத்திலேயே இருக்கும் இயந்திரத்துக்கு வெறும் கோகோ போதும். இலகுவானது, மறைவிடங்கள் குறைவு. ஆலைக்குப் போகும் பெட்டிக்குக் காராஃப், நினைவகம் கொஞ்சம் கூடத் தின்றாலும் சரி.