அச்சு அளவைத் திரையில் பார்க்க: போட்டோஷாப்பா, கிம்ப்பா?

பாஸ்போர்ட் போட்டோவோ பத்திரிகையோ, தாளில் வரப்போகும் அதே அளவில் திரையில் தெரிய வேண்டுமானால், உங்கள் மானிட்டரில் ஓர் அங்குலத்துக்கு எத்தனை பிக்சல் என்று போட்டோஷாப், கிம்ப் போன்ற படம் திருத்தும் மென்பொருளுக்குச் சொல்லியாக வேண்டும்.

செலவு: போட்டோஷாப்புக்குச் சந்தா கட்ட வேண்டும். கிம்ப் இலவசம்.

அமைப்பது: போட்டோஷாப்பில் கணக்கை நாம்தான் போட வேண்டும். 24 அங்குல ஃபுல் எச்டி மானிட்டரின் திரை அகலம் சுமார் 20.9 அங்குலம். அகலவாக்கில் இருக்கும் 1920 பிக்சலை அதால் வகுத்தால் அங்குலத்துக்குச் சுமார் 92. பிரிஃபரன்ஸஸில் 'யூனிட்ஸ் அண்ட் ரூலர்ஸ்' பகுதிக்குப் போய், ஸ்கிரீன் ரெசல்யூஷனில் வழக்கமாக இருக்கும் 72-ஐ மாற்றி இதைப் போடுங்கள். மாற்றாமல் 'பிரிண்ட் சைஸ்' அழுத்தினால் 4 அங்குலப் படம் 3.1 அங்குலமாகச் சுருங்கித் தெரியும். பலரும் ஏமாறுவது இங்கேதான்.

கிம்ப்பில் வகுத்தல் வேலை இல்லை. பிரிஃபரன்ஸஸின் டிஸ்ப்ளே பகுதியில் 'கேலிபிரேட்' கொடுத்தால் திரையில் கோடுகள் வரும். ஸ்கேலை வைத்து அளந்து எழுதினால் போதும். பிறகு வியூ மெனுவில் 'டாட் ஃபார் டாட்' (படத்தின் ஒரு பிக்சலைத் திரையின் ஒரு பிக்சலாகவே காட்டும் அமைப்பு) டிக்கை எடுத்துவிட்டு 100 சதவீதத்தில் பாருங்கள்.

துல்லியம்: கிம்ப் அகலம், உயரம் இரண்டையும் தனித்தனியே கேட்கும், போட்டோஷாப்பில் ஒரே எண். இன்றைய மானிட்டர்களில் பெரிய வித்தியாசம் தெரியாது.

ஏற்கெனவே போட்டோஷாப்பில் வேலை செய்பவர் இதற்காக மாற வேண்டாம். எப்போதாவது பாஸ்போர்ட் போட்டோ எடுப்பவருக்குக் கிம்ப் தாராளம். எதுவானாலும், 85.6 × 54 மி.மீ. அளவில் ஒரு கட்டம் வரைந்து, ஏடிஎம் கார்டைத் திரைமேல் வைத்துப் பாருங்கள். ஓரங்கள் ஒட்டி நின்றால் சரி. மானிட்டர் மாற்றினால் மறுபடியும் அளங்கள்.