கிராபியில் நான் போன விசா ரன் சேவை

மகளுக்குப் பிரசவம் பார்க்கத்தான் தாய்லாந்து வந்தேன். அவளும் மாப்பிள்ளையும் கிராபியில் வேலை பார்க்கிறார்கள். 2025 மே 14 அன்று வந்து இறங்கினேன். இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு 2024 ஜூலை 15 முதல் விசா இல்லாமலே 60 நாள் கொடுத்துவந்தார்கள். இரண்டு மாதம்தானே என்று காலண்டரில் ஜூலை 14-ஐ வட்டம் போட்டு வைத்திருந்தேன். மாப்பிள்ளைதான் பாஸ்போர்ட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "அத்தை, இதில் ஜூலை 12 என்று போட்டிருக்கிறது" என்றார். இறங்கிய நாளையே முதல் நாளாகக் கணக்கு வைக்கிறார்கள். கூடுதலாகத் தங்கும் ஒவ்வொரு நாளுக்கும் 500 பாட் (தாய்லாந்து நாணயம்) அபராதம், அதிகபட்சம் 20,000 வரை போகும். பணம் போவதுகூடப் பரவாயில்லை, பாஸ்போர்ட்டில் அந்தப் பதிவு விழுந்துவிடுகிறது. வந்திறங்கியதும் முத்திரையில் இருக்கும் தேதியைப் பாருங்கள். நாட்களை நாமாக எண்ண வேண்டாம்.

பேத்தி ஜூன் கடைசியில் பிறந்தாள், ஆபரேஷன். மகளால் குழந்தையைத் தூக்கவே முடியாத நிலையில் விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை. குடிவரவு அலுவலகத்தில் 1,900 பாட் கட்டி 30 நாள் நீட்டித்தோம். நான் அந்த வீட்டில் தங்கியிருப்பதாக வீட்டுக்காரர் டி.எம்.30 என்ற படிவத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். அது இல்லாததால் ஒரு நாள் வீணானது. மற்றபடி சிரமம் இல்லை. புதிய தேதி ஆகஸ்ட் 11. அதற்கும் மேல் தங்க வேண்டுமென்றால் நாட்டை விட்டு வெளியே போய்த் திரும்ப நுழைய வேண்டும். இதைத்தான் இங்கே விசா ரன் என்கிறார்கள். இதற்கென்றே வேன் வைத்து நடத்துகிறவர்கள் உண்டு. நான் போய்வந்தது அப்படி ஒரு சிறிய சேவை. கணவன் வண்டி ஓட்டுகிறார், மனைவி கூடவே வருகிறார்.

அவர்களிடம் போவதற்கு முன் வேறொரு இடத்தில் கேட்டோம். அதையும் சொல்லிவிடுகிறேன். போனில் பேசியவர் எடுத்த எடுப்பிலேயே "கியாரண்டி" என்றார். அப்புறம், "அம்மாவுக்கு வயதாகிவிட்டது, அவர் வர வேண்டாம். பாஸ்போர்ட்டை மட்டும் கொடுத்து அனுப்புங்கள், இரண்டு நாளில் முத்திரையோடு வந்துவிடும்" என்றார். 6,000 பாட். மகள் அசதியில் அதற்குச் சம்மதித்துவிடுவாள் போலிருந்தது. நான் கூடாது என்று சொல்லிவிட்டேன். இங்கே நுழையும்போது கவுண்டரில் முகத்தைப் படம் எடுத்துக் கைரேகை வாங்கினார்கள். ஆளே போகாமல் முத்திரை விழுந்தால் அது எப்படி உண்மையான முத்திரையாக இருக்கும்? பின்னால் எங்காவது பிடிபட்டால் சிறையும் நாடுகடத்தலும் எனக்குத்தான் வரும், அந்த ஆளுக்கு அல்ல. இப்படி யாராவது சொன்னால் தயவுசெய்து போனை வைத்துவிடுங்கள்.

இரண்டாவது இடத்தில் பேசிய பெண்தான் வேனில் கூட வரும் அந்த மனைவி. அவர் பணத்தைப் பற்றியே முதலில் பேசவில்லை. பாஸ்போர்ட்டில் முத்திரை இருக்கும் எல்லாப் பக்கங்களையும் படம் எடுத்து அனுப்பச் சொன்னார். இந்த வருடம் தரைவழியாக எத்தனை முறை நுழைந்திருக்கிறேன் என்று கேட்டார். தாய்லாந்தில் விசா இல்லாமல் தரை எல்லை வழியாக ஒரு காலண்டர் வருடத்துக்கு இரண்டு முறைதான் நுழைய முடியும். விமானத்தில் வந்தால் இந்தக் கணக்கு இல்லை, ஆனால் அங்கேயும் அதிகாரி திருப்பி அனுப்பலாம். எனக்கு இதுதான் முதல் தரைவழி என்று உறுதிசெய்துகொண்ட பிறகே, "நீங்கள் வரலாம். ஆனால் முத்திரை போடுவது அதிகாரியின் முடிவு. அதற்கு நான் உறுதி தர முடியாது" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நான் இவர்களைத் தேர்ந்தெடுத்தேன்.

கொண்டுவர வேண்டியவற்றை எழுதி அனுப்பினார். ஊர் திரும்பும் விமான டிக்கெட், கையில் ரொக்கமாக 20,000 பாட், தங்கும் வீட்டின் முகவரி. இதோடு பேத்தியின் பிறப்புச் சான்றிதழ் நகலையும் மகளின் வேலை அனுமதி நகலையும் எடுத்துக்கொள்ளச் சொன்னார். அது அவராகவே யோசித்துச் சொன்னது. டிக்கெட் அக்டோபர் 3-க்குப் போட்டோம்.

இவர்கள் கூட்டிப்போவது மலேசியா எல்லைக்கு. அங்கே போவதற்கு இந்தியர்களுக்கு இப்போது விசா வேண்டாம். 2023 டிசம்பரில் தொடங்கிய அந்தச் சலுகையை 2026 கடைசி வரை நீட்டியிருக்கிறார்கள், 30 நாள் தங்கலாம். ஆனால் போவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் மலேசியாவின் டிஜிட்டல் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். திரும்பி வரும்போது தாய்லாந்துக்கும் அதேபோல ஒன்று, 2025 மே 1 முதல் வந்திருக்கிறது. முதல் தடவை நிரப்பியது செல்லாது, ஒவ்வொரு முறை நுழையும்போதும் புதிதாக நிரப்ப வேண்டும். இரண்டுமே இலவசம். பணம் கேட்கும் தளம் வந்தால் அது அரசாங்கத் தளம் இல்லை. நம்மில் பலருக்கு வரும் சிக்கல் எனக்கும் வந்தது. என் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இருக்கும் இடம் காலி, ஒரே பெயர்தான். தாய்லாந்து அட்டையோ குடும்பப் பெயர் இல்லாமல் அடுத்த பக்கம் போகவில்லை. மகள் என் அப்பா பெயரைப் போட்டிருந்தாள். அந்தப் பெண் அதைக் கண்டுபிடித்து, பாஸ்போர்ட்டில் இல்லாத எதையும் எழுதக் கூடாது என்று சொல்லி, அங்கே ஒரு சிறு கோடு மட்டும் போட்டு மறுபடி அனுப்பினார். இவ்வளவு கவனமாகப் பார்ப்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

கட்டணம் 3,800 பாட். போக வர வேன், எல்லைக்குப் பக்கத்து நகரமான ஹாட் யாயில் ஒரு இரவு அறை, அங்கிருந்து எல்லைக்கு ரயில், கூட வருவது எல்லாம் சேர்த்து. பகலோடு பகலாக சடாவ் என்ற இன்னொரு மலேசிய எல்லைக்குப் போய்த் திரும்பும் வேன்கள் இதைவிட மலிவு. எனக்கு முட்டிவலி. ஒரே நாளில் பத்து மணி நேரம் வேனில் உட்கார முடியாது என்பதால் இதை எடுத்தேன்.

ஆகஸ்ட் 6 மாலை கிளம்பினோம். வேனில் ஏழு பேர். கம்போடியா எல்லை மூடிக்கிடந்தது, ஜூலை கடைசியில் சண்டையும் மூண்டிருந்த நேரம் அது. அந்தப் பக்கம் போகிறவர்கள்கூட இப்போது தெற்கே வருகிறார்கள் என்று அந்தப் பெண் சொன்னார். மழை. வேகம் எனக்குப் பிடிக்கவில்லை. மகள் சொல்லிக்கொடுத்த "சா சா" என்ற வார்த்தையைச் சொன்னேன், மெதுவாக என்று அர்த்தம். ஓட்டுகிறவர் திரும்பிப் பார்த்துத் தலையசைத்தார், கொஞ்சம் குறைத்தார். அரை மணி நேரத்தில் மறுபடி பழைய வேகம். மறுபடி சொன்னேன். இந்த விஷயத்தில் அவர்கள் மாற வேண்டும். ஹாட் யாய் அறை சுத்தமாக இருந்தது, ஆனால் மூன்றாவது மாடி, லிப்ட் இல்லை. வயதானவர்களுக்கு ஏற்ற பயணம் என்று சொல்லிவிட்டு இப்படி அறை போடக் கூடாது. கேட்டதும் கீழே மாற்றிக் கொடுத்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

காலை ரயிலில் எல்லை ஊரான பாடாங் பெசார். ஒரு மணி நேரம்கூட ஆகாது. ரப்பர் தோட்டங்களைப் பார்த்துக்கொண்டே போகலாம். இந்த வழியில் உள்ள பெரிய வசதி, மலேசியப் பக்கம் இருக்கும் அந்த ரயில் நிலையத்துக்குள்ளேயே இரண்டு நாட்டுக் கவுண்டர்களும் இருப்பதுதான். இறங்கி நடந்தால் முதலில் தாய்லாந்து வெளியேறும் முத்திரை, சில அடி தள்ளி மலேசியா நுழையும் முத்திரை. வெயிலில் எல்லையை நடந்து கடக்க வேண்டாம். மலேசியக் கவுண்டரில் இருந்த அதிகாரி என் பெயரைப் பார்த்துவிட்டுத் தமிழிலேயே, "எத்தனை நாளும்மா இருக்கப் போறீங்க?" என்று கேட்டார். மூன்று மாதமாக வீட்டுக்கு வெளியே தமிழே கேட்காத எனக்கு அந்தக் குரல் எப்படி இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை. சாயங்காலமே திரும்புகிறேன், மகளுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது என்று உள்ளதைச் சொன்னேன். "பேரனா, பேத்தியா?" என்றார். விரல்களை வைக்கச் சொல்லி, முத்திரை போட்டுக் கொடுத்தார்.

நுழைந்த உடனே திரும்பினால் இரண்டு பக்கமும் கேள்வி வரும் என்பதால் பிற்பகல் ரயில் வரை மலேசியாவிலேயே இருக்க வைக்கிறார்கள். நல்ல ஏற்பாடு. நிலையத்தின் மாடியில் உணவுக்கடை இருக்கிறது. ரொட்டி சானாயும் டீயும் சாப்பிட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்திருந்தேன். மற்றவர்கள் கடைத்தெருவுக்குப் போனார்கள்.

இங்கே ஒரு குறை. கையில் கொடுத்த தாளில் 1.30-க்குக் கவுண்டர் முன் வரச் சொல்லியிருந்தது. மலேசிய நேரம் தாய்லாந்தைவிட ஒரு மணி நேரம் முன்னால். போன் தானாகவே மலேசிய நேரத்துக்கு மாறிவிட்டது, தாளில் இருந்ததோ தாய்லாந்து நேரம். ஒரு மணி நேரம் முன்பே போய் மூடிய கதவுக்கு முன் நின்றேன். நின்றதில் முட்டி வீங்கிவிட்டது. இதுவே மறுபக்கமாக நடந்திருந்தால் ரயிலைத் தவறவிட்டிருப்பேன். "தாய்லாந்து நேரம்" என்று இரண்டு வார்த்தை எழுத எவ்வளவு நேரமாகும்? அந்தப் பெண்ணிடமே சொன்னேன். மன்னிப்புக் கேட்டுத் தன் போனில் குறித்துக்கொண்டார்.

திரும்பும் வரிசையில் எனக்கு முன்னால் ஒரு இளைஞர். எங்கள் குழு இல்லை, வேறொரு சேவை மூலம் வந்தவர். அதிகாரி பக்கங்களைப் புரட்டிப் புரட்டி எண்ணினார், அப்புறம் பாஸ்போர்ட்டை மூடித் திருப்பிக் கொடுத்துவிட்டார். இந்த வருடத்தில் அது அவருடைய மூன்றாவது தரைவழி நுழைவு. பணம் வாங்கியவர்கள் எண்ணிப் பார்க்கவே இல்லை. அவருடைய பெட்டி ஹாட் யாய் விடுதியில், கையில் ஒரு முதுகுப்பை மட்டும். கோலாலம்பூருக்கு ரயில் பிடித்து அங்கிருந்து விமானத்தில் வந்து பார்க்கும்படி அதிகாரி சொன்னார். என் மகளைவிடச் சின்னவன். முகம் வெளுத்துப்போய் நின்றான். எங்கள் கூட வந்த பெண் தன் வேலையை விட்டுவிட்டு, மலேசிய ரயிலுக்கு எங்கே டிக்கெட் எடுப்பது என்று காட்டி, விடுதியின் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார். பெட்டியைத் தான் எடுத்து வைத்திருப்பதாகச் சொன்னார். அந்தப் பையன் அவருக்கு ஒரு பாட்டும் கொடுத்தவன் இல்லை.

என் முறை வந்தது. அதிகாரி எதற்காக மறுபடி வருகிறீர்கள் என்று கேட்டார். பிறப்புச் சான்றிதழ் நகலை நீட்டினேன். தாய்லாந்து மொழியில் இருந்த அதை அவர் முழுதாகப் படித்தார். டிக்கெட்டைப் பார்த்தார். பணத்தைக் கேட்கவில்லை. படம், கைரேகை, முத்திரை. கவுண்டரை விட்டு நகர்வதற்கு முன் தேதியைப் பார்த்துவிடச் சொல்லியிருந்தார் அந்தப் பெண். பார்த்தேன். அக்டோபர் 5.

கிராபி வந்து சேர இரவு பத்தாகிவிட்டது. ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் கொடுத்திருக்கிறேன். குறைத்த ஒன்று வேகத்துக்கும் அந்த மாடி அறைக்கும். தனியாகப் பயணம் செய்யும் வயதானவர்களும், இங்கிலீஷ் அதிகம் பேச வராதவர்களும் இவர்களோடு தைரியமாகப் போகலாம். இளம் வயதுக்காரர்களுக்கு இவ்வளவு செலவு தேவையில்லை. ஹாட் யாய் வரை பஸ், அப்புறம் அதே ரயில், தாங்களாகவே போய்வரலாம்.

வேனிலிருந்து இறங்கும்போது, அக்டோபரிலும் இப்படி ஒரு முறை போகலாமா என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன். தரைவழியில் இன்னும் ஒரு முறை மிச்சம் இருக்கிறதே என்று. அவர் வேண்டாம் என்றார். "அடுத்தடுத்து வந்தால் உங்கள் வயதைப் பார்க்க மாட்டார்கள், பக்கங்களைத்தான் பார்ப்பார்கள். டிக்கெட் போட்ட நாளில் ஊருக்குப் போங்கள். மறுபடி வருவதாக இருந்தால் அங்கிருந்தே இணையத்தில் விசா எடுத்துக்கொண்டு வாருங்கள்." இன்னொரு 3,800 பாட் வரக்கூடிய இடத்தில் அவர் சொன்னது இது. அக்டோபர் 3 டிக்கெட்டை நான் மாற்றவில்லை.