1741 குளச்சலா, 1956 நாகர்கோவிலா?

காலத்தில் பின்னோக்கிப் போக ஒரே ஒரு டிக்கெட் கிடைத்தால், குமரி மாவட்டத்துக்காரர் எங்கே இறங்கலாம்? என் கணக்கில் இரண்டே இடம்தான்.

முதலாவது, 1741 ஆகஸ்டில் குளச்சல் கடற்கரை. மார்த்தாண்ட வர்மாவின் திருவிதாங்கூர் படை டச்சுக்காரர்களை முறியடித்த இடம். பனந்தடிகளை வண்டியில் ஏற்றி பீரங்கி போலக் காட்டினார்கள், மீனவர்கள் துடுப்பைத் துப்பாக்கி மாதிரி தோளில் சாய்த்துக்கொண்டு நின்றார்கள் என்றெல்லாம் ஊரில் சொல்வார்கள். நிஜமா, பிற்பாடு கட்டிய கதையா? நேரில் பார்த்தால் தெரிந்துவிடும். பிடிபட்ட டச்சு அதிகாரி டிலனாய் அப்புறம் அதே திருவிதாங்கூர் படைக்குப் பயிற்சி கொடுத்து தளபதியும் ஆனார். அவர் கல்லறை உதயகிரிக் கோட்டைக்குள் இன்றும் இருக்கிறது. சிக்கல் என்னவென்றால், குண்டு ஆள் பார்த்துப் பாயாது. ஒரு சிராய்ப்பு சீழ் பிடித்தாலும் மருந்து கிடையாது.

இரண்டாவது, 1956 நவம்பர் 1, நாகர்கோவில். அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்த நாள். அந்த இணைப்புக்காக நடந்த போராட்டம், 1954இல் துப்பாக்கிச் சூட்டில் உயிர்களைப் பறிகொடுத்தது. அந்தப் போராட்டத்தின் தலைவர் நேசமணியைச் சுற்றி நின்ற கூட்டத்தைப் பார்க்க ஆசைதான். பஸ் உண்டு, டீக்கடை உண்டு, பயமில்லை. ஆனால் அந்த நாளைப் பற்றிச் சொல்ல இங்கே பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள், பழைய பேப்பரும் கிடைக்கும். அதற்கு டிக்கெட்டைச் செலவழிப்பானேன்?

பிள்ளைகளையும் கூட்டிப்போவதென்றால் 1956. தனியாள் என்றால் சந்தேகமே வேண்டாம், குளச்சல். கரையில் நிற்காமல் தூரத்துப் பனையில் ஏறிக்கொள்ளவும்.